வெள்ளை அங்கியும் வெட்டி வேலையும்

‘வெட்டி’ என்று ஒரு சொல் நம் மொழியிலே உண்டு. வெட்டிப் பேச்சு, வெட்டிப் பொழுது என்று இன்று அதை வீண் என்னும் பொருளில் வழங்குகிறோம். ஆனால் அந்தச் சிறு சொல்லுக்குள்ளே ஒரு பெருங்கொடுமையின் வரலாறு புதைந்து கிடக்கிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலே ‘வெட்டி’ என்றால், கூலி கொடுக்காமல் குடிமக்களிடம் வாங்கப்பட்ட உழைப்பு என்று பொருள். கொடையளித்தவன் பெயர் கல்லிலே நின்றது. குனிந்து உழைத்தவன் பெயர் காற்றிலே கரைந்தது. கூலியில்லா உழைப்புக்குப் பெயராக இருந்த சொல், காலப்போக்கில் வீண் என்ற பொருளுக்கு வந்து சேர்ந்ததே, அதிலேயே ஓர் உண்மை இருக்கிறது. பிறன் உழைப்பை விலையின்றிப் பெறுகிறவன், அந்த உழைப்பை மதிப்பதேயில்லை!

மன்னராட்சி மறைந்தது. 1948-ல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், தன் 23-ஆம் பிரிவிலே கூலியில்லாக் கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகத் தில்லியில் கல் சுமந்த தொழிலாளர் வழக்கிலே, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதுகூடக் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்னர் போயினர், மானியம் போயிற்று, வெட்டியும் போயிற்று என்று நாம் மகிழ்ந்தோம்.

போயிற்றா, தோழர்களே?

போகவில்லை! பழைய கோவணத்தைக் களைந்துவிட்டு வெள்ளை அங்கி அணிந்து வந்திருக்கிறது. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சோதனைக் குழாயைக் கையிலே ஏந்தி வந்திருக்கிறது. ‘பயிற்சி’ என்று அழகான பெயரும் சூட்டிக் கொண்டிருக்கிறது!

அங்கிக்குள்ளே யார்?

மருத்துவமனைக்குள் நுழைந்து பாருங்கள். இரத்தம் எடுக்கும் மேசைக்கு முன்னே ஒரு பெண் நிற்கிறாள். குழாயிலே பெயர் ஒட்டுகிறாள். சுழற்றும் இயந்திரத்திலே வைக்கிறாள். முடிவைப் பதிவேட்டிலே எழுதுகிறாள். கதிர்ப்படம் எடுக்கும் அறையிலே ஓர் இளைஞன். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இரத்தத்தைச் சுத்திகரிக்கும் பிரிவிலே இன்னொருவன். முடங்கிய காலை மெல்ல மெல்ல மடக்கி நீட்டப் பழக்கும் இயன்முறைப் பிரிவிலே இன்னொருத்தி. நோயாளி அவர்களை ‘சிஸ்டர்’ என்றும் ‘டாக்டர் தம்பி’ என்றும் அழைக்கிறார். அவர்கள் மாணவர்கள்! மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்பின் கடைசிக் கட்டத்திலே இருப்பவர்கள். இவர்களுடைய தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது.

இன்னொரு கூட்டமும் உண்டு. நம் மன்னர் கல்லூரியிலும் மகளிர் கல்லூரியிலும் வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று படிக்கின்ற அறிவியல் மாணவர்கள். விடுமுறையிலே ஏதேனும் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு திங்கள் பணியாற்றியிருந்தால்தான் மேற்படிப்பு வாயில் திறக்கும், வேலைக்கான நேர்காணலில் மதிப்பு கிடைக்கும் என்ற நிலை இன்று வந்துவிட்டது. இளநிலை மாணவர்களின் பயிற்சிக்கெனப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த வழிகாட்டு நெறிகள், நான்காம் பருவத்துக்குப் பிறகு 60 முதல் 120 மணி நேரப் பயிற்சியைப் பேசுகின்றன. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அந்த மணி நேரங்களில் அவன் எங்கே தங்குவான், எதை உண்பான் என்பதற்கு விடை எங்கே?

பல இடங்களில் இந்த மாணவர்க்கு ஊதியமும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. கடைசி நாளன்று கையொப்பமிட்ட ஒரு தாள் கிடைக்கும். சில இடங்களிலோ நிலைமை இதனினும் விந்தை. பயிற்சி தருவதற்கு மாணவனிடமே கட்டணம் கேட்கிறார்கள்! வேலை செய்கிறவன் பணம் கட்ட வேண்டும். வேலை வாங்குகிறவன் பெற்றுக்கொள்வான். வெட்டி வாங்கிய மன்னனுக்குக்கூட இந்த யோசனை தோன்றியதாகத் தெரியவில்லை!

பயிற்சியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கரையிலே உட்கார்ந்து நூல் படித்து நீந்தக் கற்றவர் எவருமில்லை. பயிற்சி தேவை, மிகமிகத் தேவை. தேவை என்பதால்தான் இந்த வழக்கையே தொடுக்கிறோம். தேவையற்ற ஒன்று ஏழைக்குக் கிட்டாமற் போனால் யாருக்கு நட்டம்? இன்றியமையாத ஒன்று ஏழைக்கு எட்டாமற் போனால், அதற்குப் பெயர் அநீதி!

ஒரு கூட்டல் கணக்கு

பள்ளி ஆசிரியர் என்ற முறையிலே ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட விரும்புகிறேன். கறம்பக்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலே ஒரு மாணவி இருப்பதாக வைத்துக் கொள்வோம். அரசுப் பள்ளியிலே படித்துக் கல்லூரிக்குச் சென்றவள். தந்தை விவசாயக் கூலி. தாய் கிடைத்த வேலைக்குப் போகிறவர். சென்னையிலே உள்ள ஓர் ஆய்வுக்கூடம் இரண்டு மாதப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுக்கிறது. மதிப்பெண்ணால் கிடைத்த இடம். திறமையால் திறந்த கதவு.

சென்னையில் தங்க, உண்ண மாதம் 7,000 ரூபாய் என்று சிக்கனமாகவே போடுவோம். ஊருக்குள் போய்வரவும் கைச்செலவுக்கும் மாதம் 1,500. இரண்டு மாதத்துக்கு 17,000 ரூபாய். அதோடு முடிந்ததா? விடுமுறை என்பது வசதி படைத்தவர் வீட்டிலேதான் ஓய்வு. ஏழை வீட்டிலே அது வருவாய். 2025-26-ல் நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அந்த அளவிலே 40 நாள் ஏதேனும் வேலைக்குப் போயிருந்தால் 13,440 ரூபாய் வீட்டுக்கு வந்திருக்கும். அதுவும் இழப்பு. இரண்டையும் கூட்டினால் 30,440 ரூபாய். அரசு தருகின்ற புதுமைப்பெண் உதவி மாதம் 1,000. இரண்டு மாதத்துக்கு 2,000. அதைக் கழித்தால் மிச்சம் 28,440 ரூபாய்!

இந்தத் தொகையை அந்தத் தாய் எங்கே போய் வாங்குவார்? காதிலே கிடக்கும் தோட்டை அடகுக் கடையில் வைப்பார். அல்லது மகளைப் பார்த்து, ‘இந்த வருசம் வேணாம்மா’ என்பார். அவள் அந்தக் கடிதத்தைப் புத்தகத்துக்குள் மடித்து வைப்பாள். ஆய்வுக்கூடம் அடுத்த பெயரைக் கூப்பிடும். அடுத்த பெயருக்கு உரியவனுக்குச் சென்னையிலே சொந்த வீடு, மாமா மருத்துவர், காரிலே கொண்டுபோய் விடுவார்கள். அடுத்த ஆண்டு நேர்காணலிலே கேட்பார்கள்: ‘ஆய்வுக்கூட அனுபவம் உண்டா?’ அவன் ‘உண்டு’ என்பான். இவள் தலை குனிவாள். ‘தகுதி, திறமை’ என்று தம்பட்டம் அடிக்கிறார்களே, அந்தத் தகுதி பிறக்கும் இடம் இதுதான்!

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். குளம் தூர்க்கும் தாயின் உழைப்புக்கு ஒரு விலை அறிவிக்கப்படுகிறது. மூன்றாண்டு படித்துவிட்டு இரத்தம் எடுக்கும் மகளின் உழைப்புக்கோ விலை சுழியம். படிக்கப் படிக்க உழைப்பின் மதிப்பு உயரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இந்தக் கணக்கை அவர்கள் கேட்டால் என்ன விடை சொல்வது?

ஆணையில்லாத குலக்கல்வி

1953-ஐ மறக்க முடியுமா? அரை நாள் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயரிட்டு நாடே பொங்கி எழுந்தது. 1954-ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சிரைப்பவர் மகன் சிரைக்கவும், வெளுப்பவர் மகன் வெளுக்கவும் இனி எந்த அரசும் ஆணையிட முடியாது என்று நெஞ்சு நிமிர்த்தினோம்.

உண்மைதான்; இன்று எந்த அரசும் அப்படி ஆணையிடவில்லை. ஆணை எதற்கு? கல்லூரி வரைக்கும் கட்டணமின்றி அழைத்து வந்து, கடைசிப் படியிலே மட்டும் முப்பதாயிரம் ரூபாயைத் தடுப்புச் சுவராக எழுப்பிவிட்டால் போதாதா? வேதியியல் படித்தவன் துணிக்கடைக்குப் போவான். நுண்ணுயிரியல் படித்தவள் தையல் நிலையத்துக்குப் போவாள். தகப்பன் தொழிலுக்கே திரும்பிவிடுகிறவனும் உண்டு. யாரும் துரத்தவில்லை, அவனாகவே போனான் என்று கணக்கெழுதிவிடலாம். ஆணையிட்டுச் செய்த அநீதியை எதிர்த்துப் போராட முடிந்தது. ஆணையில்லாமல் நடக்கும் அநீதியை எதிர்க்க, முதலில் அதைக் கண்ணால் காண வேண்டியிருக்கிறது!

ஏகலைவன் கதையை நாம் மேடைதோறும் பேசியிருக்கிறோம். பாடம் சொல்லித் தராத ஆசான் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டான் என்று கொதித்திருக்கிறோம். இன்றைய துரோணர் கட்டைவிரல் கேட்பதில்லை. இரண்டு மாத உணவையும் உறைவிடத்தையும் உன் செலவிலே வைத்துக் கொள் என்கிறார். கொடுக்க முடிந்தவன் வில்லேந்துகிறான். முடியாதவன் காட்டுக்குத் திரும்புகிறான். கதை மாறவில்லை, தோழர்களே. காணிக்கை மட்டும் மாறியிருக்கிறது.

அவர்கள் சொல்வதும் நாம் சொல்வதும்

‘அனுபவமே ஊதியம், அதற்குமேல் என்ன வேண்டும்?’ என்கிறார்கள். அனுபவம் மதிப்புள்ளதுதான். ஆனால் அதைக் கொண்டுபோய் உணவு விடுதியில் கொடுத்தால் ஒரு தோசை தருவார்களா? தலைமை மருத்துவருக்கும் நாள்தோறும் அனுபவம் பெருகுகிறது. அதற்காக அவர் சம்பளத்தை விட்டுக் கொடுக்கிறாரா? அனுபவத்தை உண்டு வாழ வேண்டிய கடமை, பாவம், இருபது வயது ஏழைக்கு மட்டும் விதிக்கப்பட்டிருக்கிறது!

‘மருத்துவம் தொண்டு, தொண்டுக்கு விலை பேசலாமா?’ என்கிறார்கள். தொண்டைப் பற்றிப் புதுக்கோட்டைக்கா பாடம் சொல்ல வருகிறீர்கள்? 1991-ல் இந்த மாவட்டத்திலே அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஊர் ஊராகத் தொண்டர்கள் புறப்பட்டார்கள். மாலை நேரத்திலே, தெருவிளக்கின் கீழே, கூலி வேலை முடித்து வந்த பெண்களுக்கு எழுத்தறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். அந்தத் தொண்டர்கள் ஒரு காசும் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் தம் சொந்த ஊரிலே, தம் வேலை முடிந்த பிறகு, தாமாக விரும்பிச் செய்தார்கள். செய்யாவிட்டால் பட்டம் கிடையாது என்று எவரும் மிரட்டவில்லை. அது தொண்டு. முழு நாளையும் வாங்கிக் கொண்டு, மறுத்தால் சான்றிதழ் இல்லை என்று சொல்லிப் பெறுவது தொண்டல்ல. விருப்பத்தால் கொடுப்பது தொண்டு. வேறு வழியின்றிக் கொடுப்பது வெட்டி!

‘பயிற்சிக்கு வந்தவன் தொழிலாளியல்லன், எனவே ஊதியம் கேட்க உரிமையில்லை’ என்று சட்டம் பேசுகிறார்கள் சிலர். சரி, சட்டத்தையே பார்ப்போம். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும், பழகுநர் என்பவர் தொழிலாளியல்லர், பயிற்சி பெறுபவரே என்றுதான் சொல்கிறது. ஆனால் அதே சட்டம், அவருக்கு மாதந்தோறும் உதவித்தொகை கொடுத்தாக வேண்டும் என்றும் சொல்கிறது! 2019-ல் திருத்திய விதிகள், அந்தத் தொகையின் கீழ்வரம்பைப் படிப்புக்கேற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்று வகுத்தன. கடைசல் இயந்திரத்தின் முன்னே நிற்கும் பழகுநருக்கு வயிறு உண்டு என்று ஒப்புக்கொண்ட நாடு, நுண்ணோக்கியின் முன்னே குனிந்திருக்கும் மாணவிக்கு வயிறு இல்லையென்று எப்படி முடிவு செய்தது?

‘பணம் கொடுக்கச் சொன்னால் சிறிய ஆய்வுக்கூடங்கள் மாணவரைச் சேர்ப்பதையே நிறுத்திவிடும்’ என்பது கடைசி வாதம். இதில் உண்மை இருக்கிறது. நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய வாதம். ஒரே பேராசிரியரும் இரண்டு மேசைகளும் கொண்ட ஆய்வுக்கூடத்தின் மீது முழுச் சுமையையும் ஏற்றினால் அது கதவைச் சாத்திவிடும். ஆகவேதான் நாம் கேட்பது பொது நிதி. தொழிற்பழகுநர் திட்டத்திலே உதவித்தொகையின் ஒரு பகுதியை ஒன்றிய அரசு ஏற்றது போல, இங்கும் அரசு ஏற்கட்டும். படுக்கைக்கும் பரிசோதனைக்கும் பட்டியல் போட்டு நோயாளியிடம் பணம் பெறுகின்ற பெரிய தனியார் மருத்துவமனை மட்டும், தன் பங்கைத் தானே கொடுக்கட்டும். அங்கே அந்த மாணவி எடுத்த இரத்தத்துக்கும் கட்டணச் சீட்டு போடப்படுகிறது அன்றோ?

கொடுக்கத் தெரிந்தவர்களும் கொடுக்க மறந்தவர்களும்

பணமில்லை என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மருத்துவ, பல் மருத்துவ மாணவர்க்கான குறுகிய கால ஆய்வு உதவித் திட்டத்தை 1979-லேயே தொடங்கியது. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சியிலே மாணவர்க்கு உதவித்தொகையும் உண்டு, பயணச் செலவும் உண்டு. வழி தெரியாமலில்லை, வழி குறுகலாக இருக்கிறது. சில இருக்கைகள், அவையும் செய்தி முன்கூட்டி எட்டுகின்ற பெருநகரக் கல்லூரிகளுக்கே பெரும்பாலும் கைக்கெட்டுகின்றன.

2024 ஜூலையிலே ஒன்றிய அரசின் நிதிநிலை அறிக்கை ஒரு பெருந்திட்டத்தை முழங்கியது. ஐந்தாண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்கு 500 பெருநிறுவனங்களில் பயிற்சி. மாதம் 5,000 ரூபாய் உதவி. தொடக்கத்தில் ஒருமுறை 6,000 ரூபாய். கேட்பதற்கு எவ்வளவு இனிமை! ஆனால் அப்போது வெளியிட்ட விதிகளைப் படித்தால் இனிப்பு கசக்கிறது. முழுநேரப் படிப்பிலே இருப்பவர் சேர முடியாது. முதுகலை முடித்தவர் சேர முடியாது. மருத்துவப் பட்டம் பெற்றவரும் சேர முடியாது. நம் கறம்பக்குடிப் பெண்ணோ இன்னும் கல்லூரியிலே படிக்கிறாள். பட்டம் பெறுவதற்காகப் பயிற்சி தேடுகிறவளிடம், ‘பட்டப் படிப்பை முடித்துவிட்டு வா’ என்கிறது திட்டம். நீந்தக் கற்ற பிறகுதான் தண்ணீரிலே இறங்கலாம் என்பது போலிருக்கிறது!

மருத்துவ மாணவர் நிலைமையேனும் சிறந்ததா? எம்.பி.பி.எஸ். முடித்து ஓராண்டு கட்டாயப் பயிற்சியில் இருப்போர்க்கு உதவித்தொகை வழங்க வேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டு விதி. விதி இருக்கிறது, வழங்குகிறார்களா? 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்திலே ஒரு வழக்கு வந்தது. மருத்துவக் கல்லூரிகளில் 70 விழுக்காடு இந்தத் தொகையைக் கொடுப்பதில்லை என்று மாணவர் தரப்பிலே பட்டியல் நீட்டினார்கள். வழக்கிலிருந்த தில்லிக் கல்லூரி மாதம் 25,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. விதியிருந்தும் கொடாதவர்கள், விதியே இல்லாத ஆய்வுக்கூட மாணவிக்கும் இயன்முறை மாணவனுக்கும் தாமாக முன்வந்து கொடுப்பார்களா?

கடல் கடந்தும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. உலகத்துக்கெல்லாம் நலவாழ்வு போதிக்கும் உலகச் சுகாதார நிறுவனம், பன்னெடுங்காலமாக இளைஞர்களிடம் ஊதியமில்லாப் பயிற்சியே வாங்கி வந்தது. ஜெனீவா நகரிலே சொந்தச் செலவில் தங்க முடிந்தவன் எவன்? பணக்கார நாட்டுப் பணக்காரப் பிள்ளை! ஏழை நாடுகளின் நோயைப் பற்றிப் பேசும் அவையிலே ஏழை நாட்டு இளைஞனுக்கு இடமில்லை. 2018-ல் உலகச் சுகாதாரப் பேரவை விழித்துக் கொண்டது. பயிற்சியாளரில் பாதிப் பேராவது வளரும் நாடுகளிலிருந்து வரவேண்டும் என்று தீர்மானித்தது. 2020 முதல் உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. ‘எல்லாரும் வரலாம்’ என்று பலகை மாட்டினால் போதாது, வந்தவன் உண்ண வழி செய்தால்தான் எல்லாரும் வருவார்கள் என்ற எளிய உண்மை ஜெனீவாவுக்கு 2018-ல் புரிந்தது.

ஆனால் சென்னைக்கு அது 1920-லேயே புரிந்துவிட்டது! ஆம், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. நாளொன்றுக்கு ஒரு பிள்ளைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. அந்த ஓரணாவிலிருந்து முளைத்ததுதான் காமராசர் காலத்து மதிய உணவு, 1982-ன் சத்துணவு, 2022-ன் காலை உணவு. பள்ளிக் கதவைத் திறந்தால் மட்டும் போதாது, பசியையும் போக்க வேண்டும் என்பது திராவிட நாட்டின் கல்விக் கொள்கை. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தை இருபது வயது மாணவிக்கு மறுப்பதெப்படி? ஆய்வுக்கூடக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று பெருமை பேசுகிறவர்கள், வாயிலிலே பசி காவல் நிற்பதைப் பார்க்க மாட்டார்களா?

தயவு அன்று, உரிமை!

இந்த மண்ணிலே பிறந்தவர் முத்துலெட்சுமி அம்மையார். 1886-ல் பிறந்தவர். பெண் பிள்ளை ஆண்கள் கல்லூரியில் படிப்பதா என்று எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பை ஒதுக்கித் தள்ளி மன்னர் கல்லூரியிலே அவருக்கு இடம் அளித்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் பட்டம் பெற்றார்; எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையிலே பயிற்சி மருத்துவராகப் பணியேற்றார். மேற்படிப்புக்கு மன்னரின் பொருளுதவியும் இருந்தது. அந்த ஒரு பெண்ணுக்குச் செய்த உதவிக்கு நாடு பெற்ற கைம்மாறு என்ன? தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் எழுந்த குரல், அவ்வை இல்லம், 1954-ல் அடையாற்றிலே எழுந்த புற்றுநோய் மருத்துவமனை!

அம்மையாரின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் ஒன்றைக் கேளுங்கள். மன்னர் மனமிரங்காமல் இருந்திருந்தால்? நூறு ஆண்டுக்கு முன்னே ஒரு பெண்ணின் படிப்பு ஒரு மன்னரின் நல்ல மனத்தைச் சார்ந்திருந்தது. இன்றும் ஒரு மாணவியின் பயிற்சி, ஒரு செல்வரின் நல்ல மனத்தையோ தெரிந்தவரின் பரிந்துரையையோ சார்ந்திருக்குமானால், மக்களாட்சி என்ற பெயர் எதற்கு? மன்னரின் தயவு ஒருத்தியை உயர்த்தும். மக்களின் உரிமை ஒரு தலைமுறையை உயர்த்தும்.

அந்தத் தலைமுறை நமக்கு ஏன் தேவை? 2022 டிசம்பரிலே இதே மாவட்டத்தின் வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் நீர்த்தேக்கத் தொட்டியிலே மலம் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. குழந்தைகள் நோயுற்ற பின்னரே அந்தக் கொடுமை வெளிப்பட்டது. ஒரு குவளை நீரைப் பரிசோதித்து, ‘இது குடிக்கத் தகாதது’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள், அப்படிப்பட்ட தெருக்களிலிருந்தே எழுந்து வர வேண்டாமா? நோயின் வலி அறிந்த வீட்டிலிருந்து மருந்தின் வழி அறிந்தவர் பிறக்க வேண்டாமா? ஆய்வுக்கூடத்துக்கு வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மட்டுமே வந்தால், வசதியுள்ள வீட்டின் கேள்விகள் மட்டுமே ஆராயப்படும்.

நாம் கேட்பது

முதலாவது: பட்டத்துக்குக் கட்டாயமான பயிற்சி எதுவாயினும், அதற்கு உதவித்தொகையும் கட்டாயம் என்று அரசு ஆணை பிறப்பிக்கட்டும். உதவித்தொகை கொடுக்க முடியாதென்றால், கட்டாயம் என்ற சொல்லை எடுத்துவிடட்டும்.

இரண்டாவது: பணத்தை முன்கூட்டியே கொடுக்கட்டும். செலவு செய்துவிட்டுச் சீட்டுகளைக் கொண்டுவா, பிறகு பார்க்கலாம் என்பது, கையிலே பணமிருப்பவனுக்கு வகுத்த ஏற்பாடு. ஏழைக்குத் தேவை முதல் நாள் பேருந்துக் கட்டணம். ஆறு மாதம் கழித்து வரும் காசோலை அன்று.

மூன்றாவது: கல்லூரி மூடும் விடுமுறையிலும் அரசின் நலத்துறை விடுதிகளைப் பயிற்சி மாணவர்க்குத் திறந்து வைக்கட்டும். ஆளில்லா அறைகள் பூட்டிக் கிடக்க, அறையில்லா மாணவர் தெருவிலே நிற்பது அறிவுடைமையா?

நான்காவது: பயிற்சி இடங்களை உள்ளூரிலேயே பெருக்கட்டும். 2017-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி நம் ஊரிலே இருக்கிறது. வம்பனிலே பயறுவகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வட்டந்தோறும் அரசு மருத்துவமனை இருக்கிறது. அறந்தாங்கி மாணவன் காலையிலே வீட்டில் உண்டுவிட்டுப் புறப்பட்டு மாலையிலே திரும்பக் கூடிய இடங்கள் இருக்கும்போது, சென்னைக்கே எல்லாரையும் ஏன் துரத்த வேண்டும்?

ஐந்தாவது: இடங்களை வெளிப்படையாக அறிவித்து, முறைப்படி தேர்ந்தெடுக்கட்டும். ‘தெரிந்தவர் சொன்னார், சேர்த்துக் கொண்டோம்’ என்ற வழக்கம் ஒழியட்டும். யாருக்கு யாரைத் தெரியும் என்பது இந்த நாட்டிலே பெரும்பாலும் யார் எந்தச் சாதி என்பதுதான்! பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவதையோ முற்றாகத் தடை செய்யட்டும்.

நம் கையிலே இருப்பது

அரசைக் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஆடி மாதம் வந்தால் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்திலே மொய் விருந்துப் பந்தல்கள் எழுகின்றன. இலை போட்டு, கறி விருந்து படைத்து, மொய் எழுதுகிறார்கள். வட்டியில்லை, பத்திரமில்லை, நோட்டுப் புத்தகத்தின் ஒரு வரியே உறுதி. இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு என்று ஒரு வட்டாரமே ஒருவரையொருவர் தூக்கி நிறுத்தும் ஏற்பாடு அது. வீடு கட்டவும், கிணறு வெட்டவும், தொழில் தொடங்கவும் மொய் பயன்படும்போது, ஒரு பிள்ளை ஆய்வுக்கூடம் போகப் பயன்படலாகாதா?

ஒவ்வொரு மொய்ப் பந்தலிலும், ஒவ்வொரு சுயமரியாதைத் திருமணத்திலும், ‘மாணவர் மொய்’ என்று ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறப்போம். பத்து ரூபாய் எழுதுகிறவர் எழுதட்டும். ஆயிரம் எழுதுகிறவர் எழுதட்டும். அந்தப் பணத்திலே பயிற்சிக்குப் போன மாணவர், வேலை கிடைத்த பின்னே அடுத்த மாணவருக்கு அதே மொய்யைத் திருப்பிச் செய்யட்டும். கை நீட்டி வாங்கிய கூச்சம் எவருக்கும் வராது. மொய் வாங்குவது எந்த ஊரிலே இழிவு? இது அரசின் கடமைக்கு மாற்று ஆகாது. அரசு விழிக்கும் வரை ஒரு பிள்ளையின் கடிதம் புத்தகத்துக்குள் மடிந்து போகாமல் காக்கும் ஏற்பாடு, அவ்வளவே.

இளைஞர்களே! உங்கள் படிப்பகத்திலே ஒரு தாளை எடுங்கள். உங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போகும் ஒவ்வொரு மாணவரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். பயிற்சிக்கு எங்கே போனாய்? எவ்வளவு செலவாயிற்று? போகாவிட்டால் ஏன் போகவில்லை? விடைகளை ஊர்வாரியாகத் தொகுத்து, மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். நம் ஏட்டுக்கும் அனுப்புங்கள். உணர்ச்சியோடு பேசிய பேச்சை மறுத்துவிடலாம். ஊர்ப் பெயரோடு எழுதிய கணக்கை மறுக்க முடியாது.

வெள்ளை அங்கி அறிவின் அடையாளம். அதை அணிகின்ற ஒவ்வொரு தோளுக்கும் கீழே ஒரு வயிறு இருக்கிறது என்பதை நாடு உணரட்டும். உணரும் வரை நாம் ஓயப் போவதில்லை!